கருத்து: ஏழுமலை

"மொதல் கட்டத்துல இன்னா கீது?" என்று ஏழுமலை கேட்டான்.

கருணாபுரத்தில் அவன் வீடு ஒரே அறை. எனக்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு, அவன் கதவு நிலையில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். கண்கள் திறந்துதான் இருந்தன. என் பக்கம்தான் திரும்பியிருந்தன. ஆனால் என் தலைக்கு ஒரு சாண் மேலே யாரோ நிற்பதைப் போல அங்கேயே நிலைத்திருந்தன.

தெருவில் இரண்டு சாமியானா பந்தல்கள் இன்னும் பிரிக்கப்படாமல் நின்றன. சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். அந்த நெடியையும் மீறி, என் மடியிலிருந்த புது காமிக்ஸ் இதழின் மை வாசனை அவனுக்கு எட்டியிருக்க வேண்டும். மூக்கை லேசாக உயர்த்தி மோந்தான்.

"மலைத்தோளனா?"

"ஆமா. இந்த வாரத்துது."

நான் வாசிக்கத் தொடங்கினேன். "நில்! இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால்..."

"பேச்ச வுடுங்கணா. படத்த சொல்லுங்க."

"மலைத்தோளன் நிக்கிறான்."

"எப்பிடி நிக்கிறான்?"

"நேரா."

"எந்தக் கால்ல எடை கீது?"

குனிந்து பார்த்தேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து காமிக்ஸ் படிக்கிறவன் நான். நாற்பது வருடமாக இந்தக் கட்டங்களுக்குள்ளேயே கிடந்தவன். ஒரு மனிதன் எந்தக் காலில் எடையைப் போட்டு நிற்கிறான் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றும் எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு காலைச் சொன்னேன்.

அன்று வெள்ளிக்கிழமை. என் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருந்தன. கண் போன நண்பனுக்குக் கதை வாசித்துக்காட்டப் போகிறவனுக்கு நோட்டு எதற்கு? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

வாசகி கேட்டது

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் என் ஜெராக்ஸ் கடையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "புதிதாக வரும் சூப்பர் ஹீரோ காமிக்ஸ்களைப் பற்றி வாரா வாரம் இணையத்தில் கருத்து எழுதுவீர்களே, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? உண்மையைச் சொல்வதென்றால், அந்தக் கூர்மையை இந்தத் தொடரில் காணவில்லை."

காணாமல்போனதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கூர்மை என்னுடையது இல்லை.

சட்டைக்குள் வந்த கட்டு

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என் கடை. இரண்டு கடை தள்ளி ஒரு பார்சல் அலுவலகம். அங்கே சுமை தூக்குகிறவர்கள் இருவர், ஏழுமலையும் குப்புசாமியும். ஏழுமலை ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பான். குப்புசாமி குட்டையானவர், வயதில் மூத்தவர், ஓயாமல் இருமுகிறவர். எங்கே இருக்கிறார் என்று இருமலை வைத்தே சொல்லிவிடலாம்.

சென்னையிலிருந்து வாரா வாரம் எனக்கு ஒரு கட்டு வரும். புது இதழ்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். பத்து வருடத்துக்கு மேல் இருக்கும், ஒரு மழை நாளில் ஏழுமலை அந்தக் கட்டைக் கொண்டுவந்தான். தன் சட்டையைக் கழற்றி அதில் கட்டைச் சுற்றி, வெற்று மார்போடு நனைந்துகொண்டு வந்து நின்றான்.

"புக்குங்களா? ஒரு மொன நனஞ்சிருக்கும். பாருங்க."

பிரித்தேன். நனையவில்லை. அவன் போகாமல் மேலட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்த பாத்துட்டுத் தரட்டுங்களா?"

துண்டால் இரண்டு கைகளையும் அழுத்தித் துடைத்துக்கொண்டான். விரல் நுனியில் அழுக்கு இருக்குமென்று புறங்கையால் பக்கத்தைத் தள்ளினான். கவுண்டர் ஓரம் நின்றபடியே முழுதும் படித்தான். மலைத்தோளன் என்பவன் எவ்வளவு எடையையும் தூக்கக்கூடிய வீரன். அந்த இதழில் ஆட்களோடு ஒரு பேருந்தைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பான். இரண்டு பக்கத்தையும் அடைத்த பெரிய படம் அது. நான் வாயைப் பிளந்து ரசித்த படம்.

ஏழுமலை அதைப் பார்த்துச் சிரித்தான்.

"இத்த வரஞ்சவன் ஒரு மூட்டகூட தூக்குனதில்லணா."

"எப்படிச் சொல்ற?"

"எடை முதுகுக்கு வர்றதுக்கு முன்னாடி முட்டிக்கு வரும். முட்டி லேசா வெளிய போவும். இவன் முட்டியப் பாருங்க, கல்யாணத்துக்கு நிக்கிறவன் மாரி கீது. மொகத்துல மட்டும் கோவம். கனத்துக்கு மொகத்துல கோவம் வராதுணா. ஒரு மாரி வெக்கம்தான் வரும்."

அன்று மாலையே அதைத் தட்டச்சு செய்தேன். நான் சேர்ந்திருந்த காமிக்ஸ் வாசகர் தளத்தில் ‘இந்த வாரப் புதுசு’ என்று தலைப்புப் போட்டு ஏற்றினேன். அடியில் என் பெயர். அதற்கு முன்பும் எழுதியிருந்தேன். ‘ஓவியம் அருமை, விறுவிறுப்பு குறையவில்லை’ என்ற வகையில். யாரும் கண்டுகொண்டதில்லை. இதற்குப் பாராட்டு குவிந்தது. ஓவியம் கற்றவரா நீங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை என்று மட்டும் பதில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமைகள்

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியான இடைவேளையில் ஏழுமலை வருவான். நான் டீ சொல்வேன். அவன் படிப்பான். படித்துக்கொண்டே பேசுவான். நான் கணினியில் வேறு வேலை பார்ப்பவன் போலத் தட்டிக்கொண்டிருப்பேன்.

சாம்பல் கழுகு என்று ஒரு வீரன் உண்டு. பறப்பான். வில்லனைத் துரத்திக்கொண்டு ஒரு நகரத்தையே பாதி இடித்துவிடுவான். ஏழுமலை இதழை மூடிவைத்துவிட்டுக் கேட்டான்: "இவ்ளோ கல்லும் கம்பியும் கெடக்குதே, அத்த யாரு அள்றது? அடுத்த இதழ்ல ரோடு சுத்தமா கீது. அள்னவன ஒரு கட்டத்துலயாவது காட்டலாம் இல்ல?"

நீர்மகள் என்ற வீராங்கனையைப் பற்றி: "எல்லாப் பக்கத்துலயும் ஈரத்துல நிக்கிறா. ஒரு வாட்டிகூட தல தொடைக்கல. கூட ஒரு பொம்பள இருந்திருந்தா மொதல்ல துண்டு குடுத்திருப்பா. இவளுக்கு யாருமே இல்லணா, அதான் இப்பிடி சண்ட போட்டுக்கினு கீறா."

நான் இவற்றைத் துடைத்து, ‘இன்னா’வை ‘என்ன’ ஆக்கி, மூட்டை என்ற சொல் வந்தால் எடுத்துவிட்டு ஏற்றுவேன். விழுப்புரத்தில் வாசகர்கள் கூடி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த நாள் ஏழுமலைக்கும் குப்புசாமிக்கும் ஆளுக்கொரு பொட்டலம் மிக்சர் வாங்கிக் கொடுத்தேன். "இன்னா விசேஷம்ணா?" என்றான். "சும்மா" என்றேன்.

அப்பாவின் கரும்பு

இங்கே எங்கள் ஊர் மணலூர்பேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்ணையாற்றுப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டு. நெல்லும் கரும்பும். கரும்பு வெட்டி முடிந்த அன்று அப்பா வீட்டுக்குள் வந்து, "இந்த வருஷம் கரும்ப வெட்டிட்டேன்" என்பார். அம்மாவும் ஊரில் எல்லோரிடமும், "அவரு கரும்பு வெட்டிட்டாரு" என்பாள். அப்பா வெட்டரிவாளைத் தொட்டு நான் பார்த்ததில்லை. வெட்டியவர்கள் கரும்புச் சோகை கிழித்த கைகளோடு வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் என் அப்பாவைப் பார்த்து, "வெட்டிட்டீங்களா" என்றுதான் கேட்பார்கள்.

அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். அதனால்தானோ என்னவோ, பத்து வருடமும் எனக்குப் பெரிதாக ஒன்றும் உறுத்தவில்லை. இதை நியாயமாகச் சொல்லவில்லை. நடந்தது இதுதான் என்று சொல்கிறேன்.

பனி

கருணாபுரத்தில் அது நடந்த வருடம், வெயில் முடிகிற நேரம். காலையில் கடையைத் திறந்து ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். சாலையில் ஆட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆஸ்பத்திரிப் பக்கம் பறந்துகொண்டிருந்தன. கருணாபுரத்தில் என்னவோ ஆகிவிட்டதாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அப்போது ஏழுமலையின் மனைவி கஸ்தூரி போன் செய்தாள்.

"ணா, இவுருக்குக் கண்ணு தெரியலங்கிறாரு. வவுத்தப் புடிச்சுக்கினு சுருண்டு கெடக்கறாரு. ஆட்டோ ஒண்ணும் நிக்க மாட்டேங்குதுணா."

முந்தின நாள் சர்க்கரை மூட்டை லோடு. இறக்கி முடித்ததும் உடம்பு வலிக்கு ஏழுமலையும் குப்புசாமியும் ஆளுக்கொரு பாக்கெட் கள்ளச்சாராயம் குடித்திருக்கிறார்கள். கனமான லோடு இறக்கும் நாளெல்லாம் செய்வதுதான். அந்தத் தெருவில் அன்று அந்த விஷத்தைக் குடித்த எல்லோரும் அப்படித்தான், வழக்கமாகச் செய்வதைச் செய்தவர்கள்.

என் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். ஏழுமலையை நடுவில் உட்காரவைத்தோம், கஸ்தூரி பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் தாடை என் தோளில் இடித்தது.

"ஏன்ணா இம்மாம் பனி?" என்றான். "இன்னும் விடியலயா?"

கஸ்தூரி என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் போட்டாள். அழுகை என்றும் சொல்ல முடியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்ததை எழுத எனக்குத் தகுதியில்லை, ஒன்றைத் தவிர. வராந்தாவில் ஏழுமலைக்கு மூன்று ஆள் தள்ளிக் குப்புசாமியைக் கிடத்தியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் அவர் போய்விட்டார். ஏழுமலையிடம் சொல்ல வேண்டாமென்று எல்லோரும் பேசிவைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவனே கேட்டான்.

"குப்புசாமி ஏன் இருமல?"

நான் அவன் போர்வையை இழுத்துவிட்டேன். அவன் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

டாக்டர்கள் செய்ததில் உயிர் நின்றது. கண் திரும்பவில்லை. "இருட்டா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இருட்டு இல்லணா. வெள்ளையா கீது. அச்சடிக்காத பக்கம் மாரி."

கண்ணாடிமேல் முகங்கள்

அடுத்த சில வாரங்கள் என் கடையில் கூட்டம். எல்லோரும் கருணாபுரத்துக்காரர்கள். இறப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டை, ஆதார் அட்டை. இறந்தவர்களின் அட்டையை எடுத்துக் கண்ணாடிமேல் கவிழ்த்துவேன். மூடியை மூடுவேன். பச்சை வெளிச்சம் ஒரு முறை ஓடும். கறுப்பு வெள்ளையில் ஒரு முகம் வெளியே வந்து விழும். ஆதார் படத்தில் யாரும் சிரிப்பதில்லை. அத்தனை முகங்களும் முன்னாலேயே தெரிந்துகொண்டவை போல இருந்தன.

ஒருநாள் குப்புசாமியின் மகள் வந்தாள். அவர் அட்டையை நான் தலைகீழாக வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன். அதுவும் கோணலாக வந்தது. "பரவால்ல, குடுங்க" என்று அந்தக் கோணல் நகலையே வாங்கிக்கொண்டு போனாள்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை புதுக் கட்டு வந்தது. வேறொருவன் கொண்டுவந்து போட்டான். இரண்டு வாரமாக நான் கருத்து எழுதவில்லை. ‘உடல்நலமா? காத்திருக்கிறோம்’ என்று தளத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் தலைக்குள் ஒரு வரிகூட இல்லை. இதழைப் பையில் வைத்தேன். நோட்டைச் சட்டையில் வைத்தேன். கருணாபுரத்துக்குக் கிளம்பினேன். நண்பனைப் பார்க்கத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

செத்தவன் வந்தான்

நான் எந்தக் காலையோ சொன்ன பிறகு, மூன்றாம் பக்கத்தில் ஏழுமலை நிறுத்தினான்.

"இருங்க. மலைத்தோளன் போன இதழ்லதான் செத்துட்டானே? கோபுரம் வுழுந்து?"

"ஆமா. இப்ப வந்துட்டான்."

"எப்பிடி?"

"ஒரு விஞ்ஞானி ஏதோ மருந்து கண்டுபிடிச்சுக் குடுக்கறாரு."

"மருந்தா?"

உள்ளே கஸ்தூரி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. ஏழுமலை தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பேசினான். அவன் பேசப் பேச நான் நோட்டை வெளியே எடுத்தேன். அவன் பார்க்கமாட்டான் என்பதால் ஒளிக்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

"அவன் செத்தப்ப ஒரு பக்கம் முழுக்க ஜனங்க அழுதாங்க இல்ல? ஒரு பொம்பள, கொழந்தய இடுப்புல வெச்சுக்கினு, வாயத் தொறந்துக்கினு அழுதா. நல்லா போட்டிருந்தான் அந்தப் படத்த. அவள இதுல காட்றாங்களா?"

புரட்டிப் பார்த்தேன். "இல்ல."

"காட்டமாட்டாங்கணா. காட்டுனா அவ கேப்பா. 'உனுக்கு மட்டும் மருந்து எங்கருந்து வந்துச்சு'ன்னு கேப்பா. எங்க தெருவுல அம்மாம் பேரு கேட்டுக்கினு கீறாங்க. அவங்களுக்கு ஒரு கட்டம் கெடையாது. செத்தவன் வர்றது தப்பு இல்லணா. வராதவன் வூட்டுக் கதவ ஒரு வாட்டி காட்டிட்டு அப்பால வரணும்."

"மூடிடுங்க" என்றான்.

அன்று மாலை அதை எழுதினேன். முன்பு செய்தது போல அலசித் துடைக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் நெடியைச் சேர்த்தேன். இருமல் நின்றுபோன நண்பனைச் சேர்த்தேன். ‘என் நண்பன்’ என்று எழுதினேன். அடியில் என் பெயர்.

அதுவரை நான் வாங்காத பாராட்டு வந்தது. காமிக்ஸே படிக்காதவர்கள் பகிர்ந்தார்கள். ‘அந்தத் தெருவில் வாழ்ந்தவரைப் போல எழுதியிருக்கிறீர்கள்’ என்று ஒருவர் எழுதினார். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அதைப் படித்துவிட்டுத்தான் என்னை அழைத்தார். உங்கள் நினைவுகளைத் தொடராக எழுதுங்கள் என்றார். நீங்கள் இத்தனை வாரமாகப் படித்துவருகிற தொடர் இப்படித்தான் தொடங்கியது.

மலைமேல்

கஸ்தூரி கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையைத் தாண்டி அவள் அம்மா வீடு. கருணாபுரத்தில் வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு ஏழுமலையை அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை அவளுக்கு. அவனுக்குக் கயிற்றுக் கட்டிலும் ஒரு ரேடியோவும்.

மாதத்துக்கொரு முறை இதழ்களை எடுத்துக்கொண்டு போவேன். கச்சிராயபாளையம் வரை டவுன் பஸ். அங்கிருந்து மலைக்குப் போகிற வண்டி. அந்த நாட்களில் மலைப்பாதையில் போலீஸார் வண்டியை நிறுத்தி, சாராயம் தேடி எல்லோருடைய பைகளையும் திறந்து பார்த்தார்கள். ஒரு காவலர் என் பையிலிருந்து சாம்பல் கழுகை எடுத்தார். நின்றபடியே நாலு பக்கம் படித்தார். "ஜெயிச்சுடுவானா?" என்று கேட்டார். "ஜெயிச்சுடுவான் சார்" என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவர் பையைத் திறந்தார்.

மூன்றாவது முறை போனபோது கஸ்தூரி வீட்டுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் போன்.

"இத்த எனுக்கு யாரோ அனுப்புனாங்கணா. எங்க தெருவப் பத்தி யாரோ நல்லா எழுதிக்கீறாங்கன்னு. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். பாதியில இது இவுரு பேச்சுன்னு தெரிஞ்சிட்சி. அப்பால பேரப் பாத்தேன்."

நான் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை அவள்.

"இவுரு சொன்னத நீங்க எழுதிக்கினீங்க. சரி, அது உங்க ரெண்டு பேத்துக்குள்ள. குப்புசாமி மாமா செத்ததயும் எழுதிக்கினீங்களே. அவரு ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான் வாயில தண்ணி ஊத்துனேன். அதுல நான் கீறனா? இல்ல. 'என் நண்பன்'ன்னு போட்டிருக்கீங்க. அவருகூட நீங்க ஒரு நாளாவது குந்தி ஒரு வாய் டீ குடிச்சிருக்கீங்களாணா?"

இல்லை. மிக்சர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்ல முடியுமா?

உள்ளேயிருந்து ஏழுமலையின் குரல் வந்தது. "வுடு கஸ்தூரி. உள்ள வரச் சொல்லு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வருடத்தை, பொன்னாடையை, நோட்டை. அவன் கேட்டுக்கொண்டேயிருந்தான். முடித்ததும், "தெரியும்ணா" என்றான்.

"தெரியுமா?"

"ரொம்ப நாளாவே. பார்சல் ஆபீஸ்ல பையன் ஒருத்தன் போன்ல காட்டுனான். அப்பப்ப படிப்பேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவீங்க. அப்பால எனுக்குப் புக்கு எங்க கெடைக்கும்? அதுவும் இல்லாம, மூட்ட தூக்கறவன் சொன்னான்னு போட்டா எவன் படிப்பான்? உங்க பேர்ல நாலு பேரு படிச்சாங்க. எதுனா ஒரு பேர்ல படிக்கட்டுமேன்னு இருந்துட்டேன்."

அவன் திட்டியிருக்கலாம். வாசலிலிருந்து உள்ளே வரும்போது நான் தயாராகிக்கொண்டது அதற்குத்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்லணும்ணா" என்றான். குரலில் சட்டென்று ஒரு கறார் வந்தது, இதழைக் கையில் வைத்திருக்கும்போது வருகிற அதே கறார். "நான் முட்டின்னு சொன்னா நீங்க காலுன்னு போடறீங்க. முட்டி வேற, காலு வேற. வெக்கம்னு சொன்னேன், நீங்க தயக்கம்னு போட்டீங்க. தயங்குனா மூட்ட கீழ வுழுந்துடும். படிச்சப்ப எனுக்கு எரிச்சலா இருந்திச்சி."

அன்றுதான் முதன்முறையாக எனக்குக் கண்ணீர் வந்தது. அவன் பார்க்கவில்லை. கஸ்தூரி பார்த்தாள். தட்டில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை வைத்துவிட்டுப் போனாள்.

பெயர்

ஊருக்கு இறங்கியதும் தளத்தில் பழைய கருத்துகள் ஒவ்வொன்றையும் திறந்தேன். என் பெயரை எடுத்துவிட்டு ‘கருத்து: ஏழுமலை’ என்று போட்டேன். நான் மாற்றிய சொற்களில் நினைவிருந்தவற்றைத் திருப்பி வைத்தேன். கடைசியாக எழுதியதில் கஸ்தூரி தண்ணீர் ஊற்றியதைச் சேர்க்கலாமா என்று போனில் அவளிடமே கேட்டேன். "வேணாம். அத்த எடுத்துடுங்க, மொத்தமா" என்றாள். குப்புசாமி வரும் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டேன். பெயர் போடுவதைப் பற்றி ஏழுமலை, "இப்ப எதுக்குணா? நான் படிக்கவா போறேன்" என்றான். கஸ்தூரிதான், "போடுங்க. நான் படிப்பேன்" என்றாள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். நான் எல்லாவற்றையும் விளக்கி எழுதிய குறிப்புக்கு வந்த பதில்களில் பாதி, ‘உங்கள் தன்னடக்கம் பெரிது’ என்றன. சிலர் கோபித்துக்கொண்டார்கள். அது நியாயம். ஒருவர், சுமை தூக்குபவர் இப்படியெல்லாம் பேசியிருக்க வாய்ப்பில்லை, இது ஓர் இலக்கிய உத்தி என்று நீளமாக நிரூபித்திருந்தார். ஏழுமலை சொன்னது சரியாகிவிட்டது. அந்தப் பெயருக்குக் கீழே வந்து படித்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

ஆசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இதையே ஓர் அத்தியாயமாக எழுதிக் கொடுங்கள்" என்றார். இந்தமுறை கஸ்தூரியின் சம்மதத்தைக் கேட்டுவிட்டுத்தான் அவளையும் குப்புசாமியையும் எழுதுகிறேன்.

போன மாதம் மலைக்குப் போயிருந்தேன். ஏழுமலையின் கைகள் இப்போது நடுங்குகின்றன. டம்ளரைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். தோள் வற்றிவிட்டது. தலைவலி வந்தால் இரண்டு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறானாம். இதழ்களை வாசிக்க நான் தேவையில்லை இப்போது. வேலையிலிருந்து வந்ததும் கஸ்தூரி கைகழுவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து படம் சொல்கிறாள். அவள் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்குப் போகவில்லை. காமிக்ஸ் என்பதையே இந்த வருடம்தான் கையில் எடுத்திருக்கிறாள்.

"இவன் மொகம், அழுதுட்டு கழுவிக்கினு வந்த மாரி கீது" என்றாள், சாம்பல் கழுகைப் பார்த்து.

"கண்ணு செவப்பா?"

"இல்ல. கன்னத்துலதான் தெரியுது. ஒரு கன்னம் மட்டும் ஈரமா பளபளன்னு கீது."

"அப்ப கை ஒடஞ்சிருக்கும் அவனுக்கு. ஒரு கையாலதான் கழுவியிருக்கான். அந்தக் கைய எங்க வெச்சிருக்கான் பாரு."

"துணிக்கு உள்ள மறச்சிக்கினு கீறான்!"

நான் எட்டிப் பார்த்தேன். மேலங்கிக்குள் ஒரு கை மறைந்துதான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது அந்த இதழை நான் முழுதும் படித்திருந்தேன்.

அவர்கள் கடைசிப் பக்கம்வரை போனார்கள். இடையில் ஒரு முறை சண்டைகூட வந்தது. முடிந்ததும் ஏழுமலை என் பக்கம் முகத்தைத் திருப்பினான். இந்தமுறை சரியாகத் திருப்பினான்.

"நீங்க இன்னா நெனைக்கிறீங்க, இந்தக் கதய?"

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் முறை. உண்மையில் யாராக இருந்தாலும் என் சொந்தக் கருத்தைக் கேட்டது அதுதான் முதல் முறை; தளத்தில் கேட்டவர்கள் கேட்டதெல்லாம் அவனுடையதை. ஓவியம் அருமை என்ற வாக்கியம் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"தெரியல ஏழுமல."

"அப்ப இன்னொரு வாட்டி பாருங்க. மெதுவா. எங்களுக்கு அவசரம் இல்ல."

கஸ்தூரி இதழை என்னிடம் நீட்டினாள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்ததால் வாசலுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். முதல் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.